சாம்பல் பூசிய மறுநாள் ஒரு கேள்வி: கோவிலுக்குப் போகாமலே கிறிஸ்தவனாக இருக்கலாமா?

மார்ச் 6, 2025, இரவு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"நேற்று திருநீற்றுப் புதன். அம்மாவின் கரைச்சல் தாங்காமல் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். வெளியே வந்ததும் எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர், காரை எடுக்க வழி விடவில்லை என்று ஒரு திரீவீலர்காரரைத் தூஷணத்தால் ஏசினார். அவர் நெற்றியிலும் சாம்பல் இருந்தது. எனக்கு இயேசுவைப் பிடிக்கும், இந்தக் கோவில் நடப்புகள் பிடிக்கவில்லை. பூசை, செபமாலை, நொவேனா எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு உண்மையான விசுவாசத்தை மட்டும் வைத்திருக்க ஏலாதா?"

தம்பி, ஏலும். நான் ஏறக்குறைய ஐந்து வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

2014 ஒக்டோபரில் அப்பா இறந்தார். அடக்கத்துக்கு நேரம் கேட்க நானும் அண்ணாவும் கோவிலின் பங்கு அலுவலகத்துக்குப் போனோம். எந்தப் பங்கு என்று எழுதமாட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் எப்போது, எப்படி என்று ஒரு சொல் கேட்கவில்லை. கொப்பியைத் திறந்தார். விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே போய் அப்பாவின் பெயரில் நிறுத்தினார். "மூன்று வருஷச் சந்தா நிலுவை இருக்கு. அதைக் கட்டிப்போட்டு நேரத்தைக் கதைப்போம்." அப்பா துறைமுகத்தில் மின்வேலை பார்த்தவர். அந்தக் கோவிலின் ஒலிபெருக்கி பழுதான ஒவ்வொரு முறையும், இருபது வருஷமாக, ஒரு சதம் வாங்காமல் திருத்திக் கொடுத்தவர். திருவிழாவுக்கு முதல் நாள் நடுச்சாமத்தில் ஏணியில் நிற்பார். அண்ணா காசை எண்ணி மேசையில் வைத்தார். அவர் ரசீது எழுதி முடிக்கும்வரை நான் அந்தப் புத்தகத்தின் கார்பன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடக்கம் நடந்தது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நான் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

உங்கள் கேள்விக்கு ஆமோஸ் இறைவாக்கினர் கிறிஸ்துவுக்கு ஏழு நூற்றாண்டுகளுக்கும் முந்தியே பதில் சொல்லியிருக்கிறார். "உங்கள் பண்டிகைகளைப் பகைத்து வெறுக்கிறேன்" என்று கடவுளே சொல்வதாக வருகிறது, ஐந்தாம் அதிகாரத்தில். பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று, நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்கிறார். ஆகவே தைரியமாகக் கழற்றுங்கள்.

மார்ச் 8

முந்தாநாள் எழுதியதை இன்று வாசித்தேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் தொழில். மற்றவர் எழுத்தில் விடுபட்ட வரியைக் கண்டுபிடிப்பவள், என் எழுத்திலேயே ஒரு பெரிய துண்டை விட்டிருக்கிறேன். கழற்றிய பிறகு நான் எங்கே போனேன் என்று சொல்லவில்லை.

2015 தொடக்கத்தில் கூட வேலை செய்த ஒரு பிள்ளை மட்டக்குளியில் ஒரு வீட்டுக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பீடம் இல்லை, சுரூபம் இல்லை, சந்தாக் கொப்பி இல்லை. பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு கீபோர்ட், மூலையில் ஒரு மின்விசிறி. முதல் நாளே என் பெயரைக் கேட்டார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்டார்கள். அப்பாவின் கதையைச் சொன்னபோது ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடவில்லை. மூன்று மாதம், போன ஒவ்வொரு முறையும் அழுதேன். இதுதான் ஆதித் திருச்சபை என்று நினைத்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்? எனக்குத் தேதி தெரியாது. தேதி இல்லாதவள் பின்வரிசையில்தான். தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். வாரா வாரம் எழும்பிச் சாட்சி சொல்ல வேண்டும். ஒரு வாரம் எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். என் முறை வந்தது, எல்லோரும் பார்க்கிறார்கள். மழையில் நனைந்துகொண்டு நின்றபோது செபித்தேன், உடனே பஸ் வந்தது என்று சொன்னேன். "அல்லேலூயா" என்றார்கள். பஸ் வரவே இல்லை. நான் ஆமர் வீதியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தவள். அன்றிரவு நித்திரை வரவில்லை. கடவுளின் பெயரில் பொய் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கோவிலில் இருந்த இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் அப்படி ஒரு பொய்யைக் கேட்டு வாங்கியதில்லை.

மார்ச் 9

மேலே உள்ளதை வாசித்துவிட்டு ஒரு சகோதரி மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவருடைய சபையில் அப்படி இல்லையாம். சரி. நான் சொன்னது ஒரு வீட்டைப் பற்றி மட்டும், அந்த வீட்டைப் பற்றியும் முழுதாகச் சொல்லவில்லை. 2022இல் அரிசி விலை ஏறி, கேஸ் சிலிண்டருக்கு வீதியில் வரிசை நின்ற நாட்களில், நான் விட்டுவிட்டு வந்து ஆறு வருஷம் கழிந்த பிறகும், அந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் என் வீட்டைத் தேடி வந்து ஐந்து கிலோ அரிசியும் பருப்பும் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வா என்று ஒரு சொல் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ் நற்செய்தி அறிவிப்பதைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வருகிறது: ஒரு பிச்சைக்காரர் இன்னொரு பிச்சைக்காரருக்கு ரொட்டி எங்கே கிடைக்கும் என்று சொல்வது. அந்த இரண்டு பேரும் ரொட்டி கிடைக்கும் இடத்தைச் சொல்லவில்லை, ரொட்டியையே கொண்டுவந்தார்கள். சகோதரி, உங்கள் வருத்தம் நியாயம். மன்னியுங்கள்.

மார்ச் 13

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். "ஒல்லாந்தர் காலத்தில் யோசவ் வாஸ் அடிகளார் கோவில் இல்லாமல், மணி இல்லாமல் விசுவாசத்தைக் காப்பாற்றினாரே. அவரே சாட்சி" என்கிறார்.

இதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். முதலில் சரியென்றுதான் பட்டது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்த பிறகு கத்தோலிக்கரின் வழிபாட்டைத் தடை செய்தார்கள். உத்தியோகம் வேண்டுமா, கலியாணம் பதிய வேண்டுமா, அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெறு என்றார்கள். பெற்றார்கள், ஆயிரக்கணக்கில். 1757இல் அவர்கள் திறந்த வொல்வெண்டால் கோவில் இப்போதும் கொழும்பு 13இல் நிற்கிறது, ஐந்தடி அகலச் சுவரோடு. நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் பெயருக்குச் சேர்ந்தவர்கள் வந்த வழியே போய்விட்டார்கள். வெறும் வழக்கம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம்முடைய ஊரில் இல்லை. இதுவரைக்கும் தம்பியின் கட்சிதான் நானும்.

ஆனால் வாஸ் அடிகளார் என்ன செய்தார்? 1687இல் கோவாவிலிருந்து கூலிக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். யார் கத்தோலிக்கர் என்று கேட்க முடியாது, கேட்டால் பிடித்துக்கொடுத்துவிடுவார்கள். ஆகவே கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று பார்த்தார். நீங்கள் கழற்றிப் போட வேண்டும் என்று சொல்லும் அதே செபமாலை, தம்பி. பிறகு சனங்கள் இரவில், கதவைச் சாத்திக்கொண்டு, பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தும் எதற்காகக் கூடினார்கள்? பூசைக்கு. பாவசங்கீர்த்தனத்துக்கு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க. உள்ளத்தில் விசுவாசம் இருந்தால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் வீட்டிலேயே பாதுகாப்பாக இருந்திருக்கலாம்.

ஒரே ஞானஸ்நானம். ஒரு பக்கம் உத்தியோகத்துக்காகப் பெற்றார்கள், மறுபக்கம் உயிரைப் பணயம் வைத்துப் பெற்றார்கள். அப்படியென்றால் குற்றம் தண்ணீரில் இல்லை. எங்கே இருக்கிறது என்று இன்னும் எனக்கு வடிவாகப் பிடிபடவில்லை.

மார்ச் 13, சற்றுப் பிறகு

ஒரு திருத்தம். சுவரின் அகலத்தை நான் அளந்து பார்த்ததில்லை, கண்மதிப்பில் எழுதிவிட்டேன். தடித்த சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 19

"கூட்டத்தை விட்ட பிறகு தனியாக இருந்தீர்களா?" என்று கேட்டவருக்கு.

ஆம், 2016 நடுப்பகுதியிலிருந்து. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்லியிருக்கிறார். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் தனி அறை என்று ஒன்று கிடையாது. அதிகாலை ஐந்து மணிக்குக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பலகைக்கட்டையில் உட்காருவேன். நற்செய்தியில் ஒரு பந்தி வாசிப்பேன். பிறகு என் சொந்தச் சொல்லில் பேசுவேன். எழுதி வைத்த மன்றாட்டு எதுவும் இல்லை.

முதல் நாலு மாதம் சொல்ல முடியாத நிம்மதி. அதைப் பொய் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வருஷம் கழித்து ஒன்றைக் கவனித்தேன். நான் யார் மேல் கோபமோ, என் கடவுளும் அவர் மேல் கோபமாக இருந்தார். எனக்கு எதில் சலிப்போ, அதில் அவருக்கும் சலிப்பு. அந்தக் கொப்பிக்காரரை மன்னித்துவிடு என்று ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. ஒரு விடியற்காலை, சொந்தச் சொல் ஒன்றும் வராமல், பழக்கதோஷத்தில், இயேசு கற்பித்த பரலோக மந்திரத்தைத் தொடங்கினேன். "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது. பிறகு அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன். அடுத்த நாளும் தாண்டினேன்.

தாண்டுவதற்கு ஒரு வரி இருந்தபடியால்தான் தாண்டுகிறேன் என்பது தெரிந்தது. என் சொந்தச் செபத்தில் அப்படி ஒரு வரியே இல்லை, நான் அதை எழுதியிருக்கமாட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

இன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போய் வந்தேன். தம்பி, இதை நீளமாக எழுதப் போகிறேன்.

அந்தோனியார் 1231 ஜூன் 13இல் இறந்தார், அடக்கம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால்தான் அங்கே செவ்வாய்க்கிழமையில் போவது. சின்ன வயதில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவது சித்தி. அப்போதே எனக்கு ஒரு விஷயத்தில் கோபம். மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் ஒருவர் நிற்பார். நாம் கொளுத்தி வைத்துவிட்டு இரண்டடி நகர்ந்ததும், பாதிகூட எரியாத திரியைப் பிடுங்கி அணைத்துப் பெட்டியில் போடுவார். நான் திரும்பிப் பார்த்து அழுவேன். பெரியவளான பிறகு, இதுதான் மதம், காசு கொடுத்து வாங்கியதை எரியக்கூட விடமாட்டார்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை நான் வீட்டில் இருந்தேன். கோவிலை விட்டுப் போனவளுக்கு ஈஸ்டர் ஏது. தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். எட்டே முக்கால் மணியளவில் அந்தச் சத்தம். ட்ரான்ஸ்போமர் என்று நினைத்தேன். பிறகு அம்புலன்ஸ்கள், ஒன்றன்பின் ஒன்றாக. சித்தி அங்கே போயிருந்தாள். நான் ஓடினேன், வீதியை மறித்துவிட்டார்கள். பின்னேரம்தான் பெரியாஸ்பத்திரியில் கண்டுபிடித்தோம். தோளில் ஓட்டுத் துண்டு, ஒரு காது போய்விட்டது. அவளுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் இல்லை. அன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிக் கோவில், மட்டக்களப்பு சீயோன் சபை, கொழும்பு ஹொட்டேல்கள் எல்லாம் சேர்த்துக் குண்டுகளில் செத்தவர்கள் 260க்கும் மேல். அவர்களில் பெரும்பாலானோர் கோவிலுக்குப் போனவர்கள். வழக்கப்படி போனவர்கள்.

அடுத்த ஞாயிறு எந்தக் கோவிலிலும் பூசை இல்லை, தொலைக்காட்சியில்தான். சித்தி கட்டிலில் இருந்தபடி பார்த்தாள். ஜூன் 12இல் கொச்சிக்கடையைத் திருத்தி அர்ச்சித்துத் திறந்தார்கள். அடுத்து வந்த செவ்வாய் என்னைக் கூட்டிக்கொண்டு போ என்றாள். நான் ஐந்து வருஷமாக எந்தக் கோவில் படியும் மிதிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குக் கை பிடிக்க ஆள் வேணும்" என்றாள்.

போனோம். பையைச் சோதித்தார்கள், உடம்பைத் தடவிப் பார்த்தார்கள். ஆமி நின்றது. சித்தி மெழுகுதிரி கொளுத்தினாள். அவர் பிடுங்கினார். எனக்குப் பழைய கோபம் பொங்கிவிட்டது. "பார் சித்தி, இண்டைக்குக்கூட" என்றேன். கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, "நான் ஏத்தியாச்சு. அவருக்கு மெழுகா வேணும்? பின்னால நிக்கிறவளுக்கு இடம் வேணும்" என்றாள்.

பின்னால் நின்றவள் நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு இளம் பெண், வயிற்றில் பிள்ளை. அவள் திரியைக் கொளுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். சித்தி வைத்த இடம்.

அன்று சித்தி செபமாலை சொன்னது பழைய வாசகத்தில். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க." எங்கள் தலைமுறைக்கு "அருள் நிறைந்த மரியே". பிரியதத்தம் என்றால் என்னவென்று கேட்டேன். தெரியாது, அம்மா சொல்லித் தந்தது என்றாள். எனக்குச் சொல் என்றால் விட முடியாது. பிரியத்தால் தத்தம் செய்தது, அன்பினால் கொடுக்கப்பட்டது. கேட்டு வாங்கியது அல்ல, கட்டி வாங்கியதும் அல்ல. அர்த்தம் தெரியாமலே எழுபது வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று முன்பென்றால் ஏளனமாக நினைத்திருப்பேன். ஆனால் காது போன மனுஷி, தன் பக்கத்தில் இருந்தவர்கள் செத்த அதே இடத்தில் முழந்தாளிட்டு அதைச் சொல்லும்போது, எனக்கும் அவளுக்கும் யாருக்கு அதன் அர்த்தம் தெரியும் என்று நான் எப்படிச் சொல்ல?

மார்ச் 30

அண்ணா இந்த இழையை வாசித்திருக்கிறார். தொலைபேசியில் பேசினார், குரலில் கோபம். "நீ பாதியைத்தான் எழுதியிருக்கிறாய். சுவாமி வந்ததை ஏன் எழுதவில்லை?"

உண்மைதான். எழுதுகிறேன். அடக்கத்துக்கு மறுநாள் பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்தார். சந்தா விஷயம் அவருக்குத் தெரியாது, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். காசைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் உள்ளே இருந்தேன், வெளியே வரவில்லை. அம்மா பிளேன்டீ போடச் சொல்லிக் கூப்பிட்டார், அப்போதும் வரவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்? ஒரு முறையாவது கவரைப் பற்றிச் சொன்னதில்லை. சொன்னால் நான் போனதற்குக் காரணம் மெலிந்துவிடும் என்று பயந்திருக்கிறேன் போல.

கொப்பியைத் திறந்தவர் செய்தது பிழை. அது மாறாது. ஆனால் கதை அவரோடு முடியவில்லை.

ஏப்ரல் 3

இங்கே வாசிக்கும் வேறொரு அண்ணா போன்ஹோஃபரைக் கொண்டுவந்திருக்கிறார். 1944 ஏப்ரல் 30ஆம் திகதி டேகல் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மதமில்லாக் கிறிஸ்தவம் பற்றி, ஹிட்லரை எதிர்த்த அந்த ஜெர்மானியப் போதகர் கேட்ட கேள்வி நம்முடைய கேள்விதான் என்கிறார். நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறார். ஹிட்லரின் கொடியைப் பீடத்துக்குப் பக்கத்தில் ஏற்றிய சபைகளைக் கண்டவர் வேறு எப்படிக் கேட்பார்?

ஆனால் அதே மனிதர் சிறையில் நாள்தோறும் சங்கீதம் வாசித்தார். 1945 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, கூட இருந்த கைதிகள் வழிபாடு நடத்தும்படி கேட்டார்கள். அவர் தயங்கினார். பலர் கத்தோலிக்கர், ஒருவர் ரஷ்யர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர்கள் மேல் தன் செபத்தைத் திணிக்கக்கூடாது என்று நினைத்தார். அந்த ரஷ்யரும் சம்மதித்த பிறகுதான் நடத்தினார். முடிந்த கையோடு அழைத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் விடியற்காலை தூக்கு.

எனக்கு இதில் பிடித்தது அந்தத் தயக்கம்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன் இரவு

பூசையிலிருந்து இப்போதுதான் வந்தேன். பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிய பாதங்கள். 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் பெண்களையும் சேர்க்கலாம் என்று ஒழுங்கை மாற்றியதால் இந்த முறை எங்கள் கோவிலில் நாலு பெண்களும் இருந்தார்கள். சுவாமி ஒவ்வொரு பாதத்திலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் துடைத்தார்.

தம்பி, நீங்கள் போன வாரம் கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. "எல்லாம் சரி அக்கா, உங்களுக்கு எப்போதாவது உண்மையாக ஏதாவது நடந்ததா?"

2022 ஜூன் கடைசி. பெற்றோல் இல்லை, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சைவம், மட்டக்களப்புப் பக்கம். மகள் கட்டாரில். அக்காவுக்குச் சீனி வருத்தம், இடது காலில் இரண்டு விரலை எடுத்திருந்தார்கள், புண் ஆறவில்லை. நாள்தோறும் மருந்து கட்ட வருகிற பிள்ளைக்கு வர வழியில்லை. "ஒரு நாலு நாளைக்கு நீங்க கட்டிவிட ஏலுமா?" என்று அக்கா சுவருக்கு மேலால் கேட்டார். கேட்கவே வெட்கப்பட்டார்.

முதல் நாள் கட்டை அவிழ்த்தபோது வந்த மணத்தில் நான் முகத்தைத் திருப்பிவிட்டேன். அக்கா கண்டுவிட்டார். "முருகா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவரும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காஜ் துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. இழுத்தால் இரத்தம் வரும். சேலைனை ஊற்றி ஊறவிட வேண்டும், அவசரப்படக்கூடாது என்று அந்தப் பிள்ளை தொலைபேசியில் சொல்லியிருந்தாள். எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. என் கை நடுங்கியது. ஒன்றும் யோசிக்காமல் வாய்க்குள் "அருள் நிறைந்த மரியே" தொடங்கினேன். ஒன்று, இரண்டு. ஐந்தாவது முடிந்தபோது துணியின் ஓரம் தானாகத் தூக்கியது. மெதுவாக எடுத்தேன், அக்கா முனகவில்லை.

அடுத்த நாளும் ஐந்து. அதற்கடுத்த நாளும். நாலு நாள் நாலு மாதமானது. மூன்றில் எடுத்துப் பார்த்தால் துணி வராது, நாலும் போதாது, ஐந்துதான் கணக்கு. பிறகு அக்காவுக்கும் அந்தக் கணக்குத் தெரிந்துவிட்டது. "இன்னும் ஒண்டு இருக்கு" என்று அவரே சொல்லுவார்.

அந்த நாலு மாதத்தில் என் விசுவாசம் உண்மையானதா என்று ஒரு முறைகூட நான் யோசிக்கவில்லை. நேரமில்லை. அப்படி யோசிக்கவில்லை என்பதே பிறகுதான் தெரிந்தது. இன்று கோவிலில் சுவாமி தண்ணீர் ஊற்றியபோது, வெறும் சடங்கு என்ற அந்தப் பழைய எரிச்சல் வரவில்லை. எனக்குச் சேலைன் மணந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நேற்று எழுதியதில் ஒரு பயம். வாசிக்கிறவர்கள் இவள் நல்லவள் என்று நினைத்துவிடுவார்கள். பலர் அப்படியே எழுதியும் இருக்கிறார்கள். அந்த நாலு மாதத்தில் மூன்று நாள் நான் போகவில்லை. ஒரு நாள் காய்ச்சல். மற்ற இரண்டு நாளும் போக விருப்பமில்லை, அவ்வளவுதான். கதவைத் தட்டும் சத்தம் கேட்டும் உள்ளே இருந்தேன். அதில் ஒரு நாள் பெரிய திருவிழாப் பூசை. நான் பூசைக்குப் போனேன்.

தம்பி, நீங்கள் சாம்பல் பூசிய அந்தக் கார்க்காரரைப் பற்றி எழுதினீர்களே. அது நான்தான்.

ஏப்ரல் 21, ஈஸ்டருக்கு அடுத்த நாள்

குண்டு வெடித்து ஆறு வருஷம். காலையில் சித்தியோடு கொச்சிக்கடையில் இருந்தேன். பின்னேரம் செய்தி வந்தது, பாப்பரசர் பிரான்சிஸ் காலமானார்.

போன வியாழன் அவர் ரோமில் ஒரு சிறைச்சாலைக்குப் போனதாக வாசித்திருந்தேன். ஒவ்வொரு பெரிய வியாழனும் கைதிகளின் பாதத்தைக் கழுவ விரும்புகிறவர், இந்த முறை தன்னால் முடியாது, ஆனாலும் பக்கத்தில் இருக்க வந்தேன் என்று சொன்னாராம். நான் அந்த இரவு இங்கே பாதத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

2015 ஜனவரி 14ஆம் திகதி அவர் காலிமுகத்திடலில் வாஸ் அடிகளாரைப் புனிதர் என்று அறிவித்தபோது கொட்டாஞ்சேனையே அங்கே போனது. எங்கள் ஒழுங்கையில் கதவு திறந்திருந்த ஒரே வீடு என்னுடையது. சித்தி முதல் நாள் இரவே பாயும் சாப்பாட்டுப் பார்சலும் எடுத்துக்கொண்டு போய் இடம் பிடித்தாள், எனக்கும் சேர்த்து. கடைசிவரை அந்தப் பாயில் எனக்காக விட்ட இடத்தில் யாரையும் இருக்கவிடவில்லையாம். இன்று காலைதான் சொன்னாள்.

ஜூன் 14, சனி

நேற்று அந்தோனியார் திருவிழா, அதனால் இரண்டு நாள் இங்கே வரவில்லை. தம்பி எழுதியிருக்கிறார். அம்மாவோடு நேற்று கொச்சிக்கடைக்குப் போனாராம், பூசை முடியும்வரை வெளியேதான் நின்றாராம், உள்ளே போக மனம் வரவில்லையாம். "இப்படி வெளியே நிற்பதும் கணக்கில் சேருமா அக்கா?"

எனக்குத் தெரியாது, தம்பி. "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் அழுகிறார். இயேசு அவருடைய பிள்ளையைக் குணமாக்கினார். முதலில் போய் ஒழுங்காக விசுவாசித்துவிட்டு வா என்று அனுப்பவில்லை. எனக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்குக் கை பிடிக்க ஆள் தேவைப்பட்டதா? பிடித்தீர்களா?

கொப்பிக்காரரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மன்னித்தாயிற்றா என்று. பரலோக மந்திரத்தில் அந்த வரியை இப்போது தாண்டுவதில்லை. சொல்லும்போது அவருடைய விரல் கொப்பியில் நகர்வது தெரிகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சில நாள் அவர் முகம் வருவதற்கு முன்பே வரி முடிந்துவிடுகிறது.

நாளை ஏழரைப் பூசைக்குப் போக வேண்டும். அதற்கு முதல் பக்கத்து வீட்டுக்கு. அக்காவின் வலது குதிக்காலில் புதிதாக ஒரு கொப்புளம், இன்று பின்னேரம் காட்டினார். காஜ் முடிந்துவிட்டது, கடை பூட்ட முதல் வாங்க வேண்டும், போய்விட்டு வருகிறேன்.